சோழமண்டலத்தில் கடல் எங்கே?

ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. திருவான்மியூர் தாண்டி, நீலாங்கரை தாண்டி, ஈஞ்சம்பாக்கம் வரும்போது இடது கைப்பக்கம் ‘சோழமண்டலம் ஓவியர் கிராமம்’ வருமே, பார்த்திருக்கிறீர்களா?

‘பார்த்திருக்கேன் சார், உள்ளே போனதில்லை’ என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சங்கடப்படாதீர்கள். நானும் உங்கள் கட்சிதான். இருபது வருஷம் அந்தப் பெயரைக் கார் கண்ணாடி வழியாகவே படித்துக்கொண்டு போனவன். அந்த ரோட்டில் முதலைப் பண்ணை எங்கே என்று தெரியும். எந்தக் கடையில் வஞ்சிரம் வறுவல் நன்றாக இருக்கும் என்றும் தெரியும். இந்த ஒரு இடத்துக்குள் போக மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

கடைசியில் போனதும் கலைத் தாகத்தால் அல்ல. டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. டிரைவர் பஞ்சர் கடையைத் தேடிப் போக, மே மாச வெயிலில் நிழல் தேடிய நானும் பத்தாவது முடித்த என் மகளும் அங்கே மரங்களைப் பார்த்து உள்ளே நுழைந்தோம்.

நுழைந்து பத்தடி போனதும் ஈ.சி.ஆர் சத்தம் அடங்கிவிட்டது. திறந்தவெளியில் கருங்கல் சிற்பங்கள் வெயில் காய்கின்றன. யாரும் ‘தொடாதே’ என்று அதட்டவில்லை. ‘பாரதி’ என்ற பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கம். அந்தப் பக்கம் ஓவியர்களின் வீடுகள். நம் வீட்டு முற்றத்தில் துளசி மாடம் இருக்கிற மாதிரி, அங்கே ஒரு உலோகச் சிற்பம் நிற்கிறது. காற்றில் உப்பு வாசனை. அழகுதான், சந்தேகமே இல்லை.

அப்புறம் மியூசியத்துக்குள் போனோம். 2009-ல் திறந்தது. சென்னை ஓவிய இயக்கத்தின் முக்கியமான ஆட்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ். அரை மணி நேரம் சுற்றிவிட்டு என் மகள் கேட்டாள்:

‘‘ஏம்ப்பா, இவங்க எல்லாம் கடற்கரையிலதானே இருக்காங்க? ஒரு படத்துலகூட கடலைக் காணோமே?’’

நான் திரும்ப ஒரு சுற்று சுற்றினேன். படகு, அலை, வலை, சூரிய உதயம் என்று காலண்டரில் பார்க்கிற எதுவும் என் கண்ணிலும் படவில்லை. இருந்தது வேறு. ஜாதகக் கட்டம் மாதிரி ஒன்று, கோயில் வாகனம் மாதிரி ஒன்று, எழுத்து மாதிரி என்னவோ ஒன்று. கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு ஒரு பி.காம் பட்டதாரியின் பதில். கலை விமர்சகர்கள் மன்னிக்கவும்.

*

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோயமுத்தூரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு தந்தி இலாகாவில் வேலை பார்த்தார், பிறகு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை. இருபத்தைந்து வயதில், 1936-ல்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி அப்போது அங்கே முதல்வர். அவர் 1957-ல் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலிக்கு வந்தவர் பணிக்கர்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. வருஷா வருஷம் நல்ல கையோடு பையன்கள் வெளியே போகிறார்கள். போய் என்ன ஆகிறார்கள்? டிராயிங் மாஸ்டர், விளம்பரக் கம்பெனி, ஜவுளி டிசைன். படம் வாங்க ஆள் இல்லாத ஊரில் படம் வரைந்தே சாப்பிடு என்று யாருக்குச் சொல்ல முடியும்? கொஞ்ச நாள் ராத்திரியில் வரைவார்கள். கல்யாணம் ஆகும். தூரிகை பரணுக்குப் போகும்.

இதற்கு நம் ஊர்த் தீர்வுகள் இரண்டு. ஒன்று, அரசாங்கத்திடம் மனுப் போடுவது. இரண்டு, சமுதாயத்தைத் திட்டுவது. பணிக்கரும் அவரைச் சுற்றி இருந்த இளைஞர்களும் மூன்றாவதாக ஒன்று செய்தார்கள். கணக்குப் போட்டார்கள்.

படம் விற்காது. சரி, எது விற்கும்? பாத்திக் துணி விற்கும். துணியில் மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை உருக்கி எடுத்தால் டிசைன் நிற்கும். கற்றுக்கொண்டார்கள். கைவினைச் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். செய்ததைக் கண்காட்சியாக வைத்து விற்றார்கள். வந்த காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966-ல் கிராமத்தை ஆரம்பித்தார்கள். முப்பது, நாற்பது பேர். யாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

இப்போது அந்த இடத்தில் ஒரு கிரவுண்டு விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். அன்றைக்கு அது மணலும் சவுக்கும். ஈ.சி.ஆர் இன்றைய சாலையாக வருவதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. விவசாயம் ஆகாது, பஸ் கிடையாது, கரண்ட் கிடையாது. கடலோர நிலத்தை யாரும் சீந்தாத காலம்.

புரிகிறதா? அவர்கள் அழகைத் தேடிக் கடலுக்குப் பக்கத்தில் போகவில்லை. கடலுக்குப் பக்கத்தில் நிலம் மலிவு என்பதால் போனார்கள். கடல் அவர்களுக்கு வியூ அல்ல, தள்ளுபடி. என் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான்.

*

மீதிப் பாதி கொஞ்சம் முக்கியமானது.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் ஒரே நோட்டில் எழுதுகிறவன் உருப்பட மாட்டான். சோழமண்டலத்துக்காரர்கள் இரண்டு நோட்டு போட்டார்கள். அரிசி, பருப்பு, கூரை, சுவர் எல்லாம் கைவினை நோட்டில். ஓவியமும் சிற்பமும் இன்னொரு நோட்டில். முதல் நோட்டு சம்பாதிக்க வேண்டும். இரண்டாவது நோட்டு சம்பாதித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரோ ஒரு செட்டியாரின் ஹாலுக்குப் பொருத்தமாக இருக்கிறதா, வெளிநாட்டுக்காரர் கொண்டுபோக வசதியாக ‘கட்டுமரமும் அஸ்தமனமும்’ இருக்கிறதா என்று யோசிக்காமல் வரையலாம். படத்தில் கடல் இல்லாமல் போவதற்கான சுதந்திரம் அது. அந்தச் சுதந்திரத்தின் விலையைப் பாத்திக் துணி கொடுத்தது.

ஆனால் வேடிக்கை பாருங்கள். இரண்டு நோட்டும் ஒன்றுக்கொன்று எட்டிப் பார்த்துக்கொண்டன. சோறு போட்ட கைவேலை, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பாஷை கற்றுக்கொடுத்தது. அந்தக் கல்லூரியே 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த கைத்தொழில் பள்ளியிலிருந்து வளர்ந்ததுதான். அந்த ரத்தம் எங்கே போகும்?

எஸ். நந்தகோபாலின் உலோகச் சிற்பத்தின் முன்னால் நின்று பாருங்கள். பணிக்கரின் மகன் அவர், 2017-ல் காலமானார். செம்பையும் பித்தளையையும் தட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்த உருவம். சுற்றி வந்து பார்க்க வேண்டியதில்லை. எதிரே நின்றால் போதும். கர்ப்பக்கிரகத்துச் சாமியை நாம் எப்படிப் பார்க்கிறோம், அப்படி. திருவாசி இருக்கிற மாதிரி இருக்கும், இருக்காது. வாகனம் மாதிரி இருக்கும், எந்தச் சாமிக்கும் சொந்தமாக இருக்காது. சுவாமிமலைக்காரர்களின் வாரிசு என்று சொல்லத் தோன்றுகிறது. அவர்கள் செய்ததை அப்படியே திருப்பிச் செய்யவில்லை என்பதும் தெரிகிறது. பாரிஸைக் காப்பி அடிக்காமல், நம்ம ஊர்ப் பழசையும் காப்பி அடிக்காமல் புதிதாக இருப்பது எப்படி என்பதுதான் அந்தத் தலைமுறையின் தலைவலி. நந்தகோபாலின் சிற்பம் அதற்கு ஒரு நேர்மையான பதில்.

பணிக்கர் 1963-ல் தொடங்கிய ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ வரிசை இன்னொரு பதில். ஆரம்பத்தில் கணக்குக் குறிகள், எண்கள், ரோமன் எழுத்துகள். பிறகு மலையாள எழுத்து. கட்டங்கள், கோடுகள், நடுவே மீன் மாதிரி, பாம்பு மாதிரி என்னென்னவோ. என் நண்பர் ஒருவர், வங்கி அதிகாரி, பாலக்காட்டுக்காரர். இன்னொரு நாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ‘என்ன எழுதியிருக்கு, படியுங்க’ என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார்.

‘‘எழுத்து மாதிரிதான் சார் இருக்கு. ஆனா எழுத்து இல்லை’’ என்றார்.

அதுதான் விஷயம். ‘மாடர்ன் ஆர்ட் புரியலை’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். என் பாட்டிக்கு ஜாதகம் படிக்கத் தெரியாது. ஆனால் மஞ்சள் தடவிய அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரிக்கும்போது அவள் கை கொஞ்சம் நடுங்கும். அதற்குள் ஒருத்தருடைய வாழ்க்கை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பணிக்கரின் படம் கேட்பது அந்த நடுக்கத்தைத்தான். படிக்கச் சொல்லவில்லை.

அப்புறம் ராமானுஜம். பேனாவும் மையும் வைத்துக்கொண்டு மாளிகைகள், பறக்கும் விலங்குகள், கோபுரங்கள், நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன ஆள். அந்த ஆள் அவரேதான் என்பார்கள். மனநோயோடு போராடியவர். ஊரில் எங்கேயும் பொருந்தாத அவருக்கு இந்தக் கிராமம் ஒரு கூரை கொடுத்தது. 1973-ல், முப்பதைத் தாண்டிய கொஞ்ச வருஷத்திலேயே போய்விட்டார். கிராமத்தால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர் வரைவதற்கு ஒரு இடம் இருந்தது. ஒரு கிராமத்தின் கணக்கில் இது எந்தப் பத்தியில் வரும், வரவா, செலவா? எனக்கு எழுதத் தெரியவில்லை.

*

இவ்வளவு புகழ்ந்தபின் குறை சொல்லாவிட்டால் நான் பத்திரிகைக்காரன் இல்லை.

ஒன்று: பெண்கள். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று விரலை மடக்க ஆரம்பித்தால் ஒரு கை நிரம்புவதற்குள் நின்றுவிடுகிறது. புதுமை பேசிய கூட்டத்தில் இது சின்னக் குறை அல்ல.

இரண்டு: அந்த முதல் நோட்டு. நான் போன நாட்களில் மியூசியம் இருந்தது, காலரி இருந்தது. கிராமத்தையே வாங்கிக் கொடுத்த பாத்திக் எங்கேயும் கண்ணில் படவில்லை. படம் விற்கிற காலம் வந்தபிறகு துணிக்கு மெழுகு பூச யாருக்குக் கை வரும், நியாயம்தான். ஆனால் இன்றைக்கு ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு வருகிற ஏழைப் பையன் பார்க்க வேண்டியது அந்தத் துணியைத்தான். சுவரில் இருக்கும் படம் அவனை மலைக்கவைக்கும். துணிதான் வழி சொல்லும்.

மூன்றாவது குறை அவர்கள்மேல் இல்லை, நம்மேல். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸுக்குப் போனார்கள், அங்கே மதிப்பு இருந்தது. சோழமண்டலத்தைப் பற்றி ஜோசப் ஜேம்ஸ் தொகுத்த பெரிய புத்தகம் 2004-ல் வந்தது. ஆங்கிலத்தில். தமிழ் வாசகனுக்கு நவீன ஓவியம் அறிமுகமானதே பத்திரிகை வழியாகத்தான். கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஆதிமூலம் வரைந்த கோடுகளை ஜூனியர் விகடனில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆதிமூலம் சோழமண்டலத்தில் குடியிருந்தவர் இல்லை, ஆனால் அதே கல்லூரி, அதே காலம். அந்தக் கோட்டைப் புரியவில்லை என்று யாரும் பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. பக்கத்தில் கதை இருந்தது, பயமில்லாமல் பார்த்தோம். கதை இல்லாமல் பார்க்கத்தான் நமக்குத் துணிச்சல் வரவில்லை.

ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்னால் கையில் காசில்லாத ஒரு கூட்டம், யாரிடமும் கை நீட்டாமல் தனக்கு ஒரு ஊரைச் செய்துகொண்டது. அதற்கப்புறம் இங்கே எத்தனையோ ஓவியர்கள் வந்தார்கள், பணமும் வந்தது. இரண்டாவது சோழமண்டலம் வரவில்லை. இருக்கிற ஒன்றையும் ‘அழகான இடம், போட்டோ எடுக்க நல்லா இருக்கும்’ என்று மட்டும் பார்த்தோமானால், கொஞ்ச நாளில் அழகு மட்டும்தான் மிஞ்சும். அழகு மட்டும் வேண்டுமென்றால் அந்த ரோட்டில் ரிசார்ட்டுகள் நிறைய இருக்கின்றன.

டிரைவர் போன் பண்ணினார், வண்டி ரெடி என்று. கிளம்பும்போது மகளிடம் என் பி.காம் பதிலைச் சொன்னேன். தள்ளுபடி விலை, இரண்டு நோட்டு எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘‘அப்போ கடல்தான்ப்பா அவங்களுக்கு முதல் காசு குடுத்திருக்கு’’ என்றாள். இருபது வருஷம் எழுதுகிறவனுக்கு இந்த வரி தோன்றவில்லை.

போகும்போது இடது பக்கம். தவறவிட்டால் பரவாயில்லை, திரும்பி வரும்போது வலது பக்கம் இருக்கும். டயர் பஞ்சர் ஆகும்வரை காத்திருக்காதீர்கள்.