கிறீன் ரவுனின் கோடை: றே பிராட்பரியின் நாவலும் நனவிடை தோய்தலும்

சிறுபராய நினைவுகளை மீட்டெழுதும் ஆக்கங்கள் மீது விமர்சகர் சுமத்தும் முதற் குற்றச்சாட்டு, அவை யதார்த்தத்திலிருந்து தப்பியோடுகின்றன என்பதாகும். அமெரிக்க எழுத்தாளர் றே பிராட்பரி 1957இல் வெளியிட்ட ‘டான்டிலியன் வைன்’ என்னும் நாவலும் இதற்கு விலக்காகவில்லை. 1928ஆம் ஆண்டுக் கோடையில், கிறீன் ரவுன் என்னும் சிற்றூரில், டக்ளஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் பெறும் அனுபவங்களே அதன் பொருள். ஊரின் பெயர் கற்பனை. அதன் மூலம் இலினோய் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த வோகீகன். 1920இல் அங்கு பிறந்த பிராட்பரி, 1934இல் குடும்பத்தோடு லொஸ் ஏஞ்சலிசுக்குப் பெயர்ந்தார்.

வோகீகனின் துறைமுகம் அவலட்சணமானது. நிலக்கரித் துறைகளும் புகையிரதத் தளங்களும் சோர்வூட்டுபவை. அங்கு வளர்ந்தவர் இவற்றை எவ்வாறு காணாதுவிட்டார் என விமர்சகரொருவர் வினவினார். தாம் அவற்றைக் கண்டதாகவும், அவற்றின் அழகில் மயங்கியதாகவும் பிராட்பரி பிற்காலத்து முன்னுரையொன்றில் விடையிறுத்தார். இவ்விடை பாதியே பொருந்தும். நிலக்கரி வண்டியைக் கண்டு குழந்தை வியப்பது இயல்பு; அதனை ஏற்றி இறக்கியவர் யார் என்ற வினாவை முதிர்ந்த ஆசிரியன் எழுப்பியிருக்கலாம். டக்ளஸின் உற்ற நண்பன் ஜோன் ஹவ் ஊரைவிட்டுப் போவதற்குக் காரணம், அவனது தகப்பனுக்கு வேறூரில் வேலை கிடைத்தமை. அவ்வேலை பற்றிய பேச்சு அதற்குமேல் வளர்வதில்லை. அடுத்த ஆண்டே, 1929 ஒக்ரோபரில், பங்குச் சந்தை சரிந்ததை அறிந்த வாசகருக்கு இம்மௌனம் உறுத்தவே செய்யும்.

ஆயினும் தப்பியோடல் என்ற தீர்ப்பு நாவலின் மையத்தைத் தொடவில்லை. இறந்தகாலத்தைச் சேமித்துவைக்க இயலுமா என்ற வினாவை நாவலே தன்னுள் எழுப்பிக்கொள்கிறது. பென்ற்லி என்னும் முதியவள் தன் வாழ்வின் சின்னங்கள் யாவற்றையும் பேணிவைத்திருப்பவள். அவளும் ஒருகாலத்திற் சிறுமியாயிருந்தாள் என்பதை அயற்சிறுமியர் நம்ப மறுக்கின்றனர். சீப்பையும் மோதிரத்தையும் பழைய புகைப்படத்தையும் சான்றாகக் காட்டுகிறாள். அவை வேறு யாரோ ஒருத்தியின் பொருள்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். ஈற்றில் அவள் தோல்வியை ஒப்புகிறாள். மிஞ்சிய நினைவுப் பொருள்களைத் தீயிலிடுகிறாள். நனவிடை தோய்தலுக்கு எதிரான மிகக் கடுமையான வாதம் நினைவுகளாலேயே ஆன ஒரு நூலில் இடம்பெறுவது மனங்கொள்ளத்தக்கது. அவ்வாதத்தைச் சொல்லவைத்திருப்பது குழந்தைகளை என்பதுதான் அதன் கொடுமை. நேர்மாறாக, நோயுற்ற கேணல் பிரீலி, தொலைபேசியினூடாக மெக்சிக்கோ நகரத் தெருவோசையைக் கேட்டவாறே உயிர்நீக்கிறார். இவ்விருவரில் யார் பக்கம் நிற்பதென ஆசிரியர் தீர்ப்பு வழங்குவதில்லை.

கோடை என்றதும் வெம்மையையும் வரட்சியையும் எண்ணும் தமிழ் வாசகர் ஒன்றை நினைவிலிருத்தல் வேண்டும். நீண்ட பனிக்காலத்தின் பின் வரும் ஏரிக்கரைக் கோடை, பள்ளிக்கூடமற்ற மூன்று மாத விடுதலை. புதிய ரெனிஸ் சப்பாத்தோடு ஓடத் தொடங்கும் பருவம். எனினும் பாலைக்கு வேனிலைப் பொழுதாக வகுத்த மரபில் வந்தவருக்கு இந்நாவலின் போக்கு அந்நியமாகாது. நண்பன் பிரிகிறான், ரொலி வண்டி கடைசி முறை ஓடி, அதனிடத்தைப் பஸ் பிடிக்கிறது, பூட்டி இறக்கிறாள். மின்மினிகளை அடைத்த போத்தலின் ஒளியில் இவ்விழப்புகளைக் குறித்துவரும் டக்ளஸ், தானும் ஒருநாள் என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்கமாட்டாது நிறுத்துகிறான். மின்மினிகளும் ஒளியிழந்துவிடுகின்றன. நாவலின் உச்சம் இவ்விடமே.

அதன்பின் வருவது சறுக்கல். காய்ச்சலில் வீழ்ந்த சிறுவனைப் பழம்பொருள் சேகரிக்கும் ஜோனஸ், தூய காற்றடைத்த போத்தல்களைக் கொடுத்துக் குணமாக்குகிறார். முடிக்கப்படாத வாக்கியத்தின் கனத்தை இம்மருந்து தாங்கவில்லை. தனித்தனிச் சிறுகதைகளாக முன்னர் வெளியானவை பல இந்நாவலிற் கோக்கப்பட்டுள்ளமையும் இத்தளர்வுக்கு ஒரு காரணமாகலாம். பாட்டனாரின் நிலவறையில் இருக்கும் போத்தல்களோ வேறு வகையின. புற்றரையில் முளைக்கும் மஞ்சட் களைப்பூவைப் பிழிந்து, கோடையின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக இலக்கமிட்டு அடுக்கியவை அவை. பனிக்காலத்தில் அவற்றைத் திறந்து பருகுவர். பருகியதும் அந்நாளின் போத்தல் வெறுமையாகிவிடும்.