இருட்டறையில் தெரியும் எரிபொருள்

ஈயப் பெட்டிக்குள் ஒரு முழம் மல்லிகைப்பூ இருந்தால் எக்ஸ்ரேயில் அது தெரியாது. நியூட்ரான் கற்றையில் காம்பும் இதழுமாகத் தெரியும். எக்ஸ் கதிர் எலக்ட்ரான் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். மின்சுமை இல்லாத நியூட்ரான் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போய் அணுக்கருவோடுதான் மோதும். அதற்கு ஈயம் பெரிய தடையே அல்ல. ஈரத்திலுள்ள ஹைட்ரஜன்தான் சுவர்.

கல்பாக்கத்தின் காமினி அணு உலையில் முக்கிய வேலையே இப்படிப் படமெடுப்பதுதான். 1996-ல் இயங்கத் தொடங்கியது, திறன் 30 கிலோவாட். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரே அதைவிடப் பெரிதாக இருக்கும். எரிபொருள், தோரியத்திலிருந்து பிறக்கும் யுரேனியம்-233.

பக்கத்து வேக ஈனுலையில் வெந்து வந்த கார்பைடு எரிபொருள் கோல்களை இங்கே படமெடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கோலே காமா கதிரைக் கொட்டுகிறது. ஃபிலிமை நேராக வைத்தால் முழுக்கக் கறுத்துவிடும். அதற்குச் செய்யும் தந்திரத்தில்தான் எனக்கு மயக்கம். ஃபிலிமுக்குப் பதில் டிஸ்ப்ரோசியத் தகடு. காமாவை அது சட்டை செய்யாது, நியூட்ரான் பட்ட இடம் மட்டும் கதிரியக்கம் பெறும். பிறகு தகட்டை இருட்டறைக்கு எடுத்துப்போய் ஃபிலிமோடு ஒட்டிவைக்கிறார்கள். அவசரப்பட்டால் ஆகாது, ஆறப்போட்டாலும் ஆகாது: அந்தக் கதிரியக்கம் சுமார் 2.3 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

கழுவி எடுத்த ஃபிலிமில், உறையைக் கீறாமலே, வில்லை வில்லையாக எரிபொருள் தெரிகிறது; இடைவெளியும் விரிசலும்கூட.