பாட்டு வகுப்பை எப்படி ரசிப்பது?

பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, ஆசிரியர் எந்தெந்த சபாக்களில் பாடியிருக்கிறார், யாருடைய சிஷ்யர், குரல் எப்படி என்பதைத்தான். கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும்போது இவை சரியான கேள்விகள். கற்றுக்கொடுப்பவருக்கு முதலில் வேண்டியது காது. பிள்ளை பாடுவதை அவர் எப்படிக் கேட்கிறார் என்பதை ரசிக்கத் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி. நம் சங்கீத வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டைகர் வரதாச்சாரியார் சாரீரத்தின் இனிமைக்காகப் பேர் வாங்கியவர் அல்லர். ஆனால் மியூசிக் அகாடமியின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா மூன்றுமே கற்றுக்கொடுக்க அவரை அழைத்துக்கொண்டன. அவரிடம் படித்த எம்.டி. ராமநாதன் தாழ்ந்த சுருதி, விளம்ப காலம் என்று தமக்கே உரிய ஒரு பாணியில் பாடினார். முசிறி சுப்பிரமணிய ஐயர் கச்சேரி மேடையிலிருந்து சீக்கிரமே ஒதுங்கியவர். 1949-இல் சென்னையில் அரசு இசைக் கல்லூரி தொடங்கியபோது முதல்வராக அமர்ந்தவர் அவர்தான். வித்வான் செம்மங்குடியின் சிஷ்யரான பி.எஸ். நாராயணசுவாமியை இன்று பலரும் நினைப்பது ரஞ்சனி - காயத்ரி, அபிஷேக் ரகுராம் போன்றவர்களின் குருவாகத்தான்.

சரி, அந்தக் காதை எப்படிக் கண்டுகொள்வது? அனுமதி கேட்டு, ஒரு வகுப்பு முழுவதும் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள். முதலில் சுருதி. தம்புராவோ சுருதிப் பெட்டியோ வகுப்பு முடியும்வரை ஒலிக்கிறதா, யாருடைய கட்டையில், அதாவது யாருடைய குரலுக்கேற்ற சுருதியில், ஒலிக்கிறது என்று பாருங்கள். பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டைக்குள்ளும் பெண்கள் 5, 5½ கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். ஆசிரியரின் வசதிக்காக ஒரு சிறுமியை 1 கட்டையில் பாடவைத்தால் கீழே வரும் ஸ்வரங்களில் குரல் நிற்காது, வெறும் காற்றுதான் வரும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும் பையனுக்குக் கட்டையை மாற்றித் தரவும் வேண்டும். பெரிய குழுவாக உட்காரவைத்துப் பாடவைக்கும் பள்ளிகளில் முதலில் கோட்டை விடுவது இங்கேதான்.

அடுத்து ஸரளி வரிசையைக் கவனியுங்கள். ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளையை வைத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேளகர்த்தா வரிசையில் 15-ஆவதான இந்த ராகத்தில் ஸட்ஜமத்தை ஒட்டி ரிஷபம், மத்யமத்தை ஒட்டி காந்தாரம். மேல் பாதியிலும் அதே அமைப்பு, பஞ்சமத்தை ஒட்டி தைவதம், மேல் ஸட்ஜமத்தை ஒட்டி நிஷாதம். ஒரே உருவம் இரண்டு முறை வருவதால் பிழை எங்கே என்று பளிச்சென்று தெரிந்துவிடும். மேலிருந்து இறங்கும்போது ஒரு குழந்தையின் நிஷாதம் சற்றுத் தொய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் கம்பீரமான குரலால் அதை மூடி, வரிசையை முடித்துவிடுவார். கேட்க நன்றாகவே இருக்கும். இன்னொருவர் அங்கேயே நிறுத்துவார். மேல் ஸட்ஜமத்தைத் தம்புராவோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்வார். அது நிலைத்த பிறகு நிஷாதத்தை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பச் சொல்வார். பிறகு பேசாமல் இருந்து, குழந்தையைத் தனியாகப் பாடவிடுவார். அந்த மௌனத்தில்தான் பாடம் நடக்கிறது. பிள்ளை தன் பிழையைத் தானே கேட்கத் தொடங்கும் நேரம் அது. அதைப் பார்ப்பதைவிடப் பெரிய ரசனை எனக்குத் தெரியாது.

சங்கீதமே தெரியாத பெற்றோர் நிஷாதத்தைக் கண்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் கையைப் பார்க்கட்டும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். முதல் காலத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாய்தான் விரைய வேண்டும், கை மாறாமல் அதே நடையில் போக வேண்டும். இரண்டாம் காலம் வந்ததும் பிள்ளைகளின் கையும் சேர்ந்து ஓடும். அதை ஆசிரியர் கவனிக்கிறாரா, ஓடவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறாரா என்பதைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

பேர்பெற்ற வித்வானிடம் போனால் மேடை கிடைக்குமே என்பது அடுத்த வாதம். வர்ணம், கீர்த்தனை தாண்டி, தாமே கற்பனை செய்து பாடும் மனோதர்மத்துக்கு வந்துவிட்டவர்களுக்கு அது உண்மை. மேடை அனுபவம் உள்ளவர் தருவதை மற்றவர் தர முடியாது. ஆனால் வித்வான் ஊர் ஊராகப் போகும் மாதங்களில் ஆரம்பப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் மூத்த சிஷ்யர். அப்படியானால் நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியது அவருடைய வகுப்பை. கண்டிப்பில்லாமல் வித்தை வராது என்பாரும் உண்டு. பிழையை விடாமல் பிடிப்பது கண்டிப்பு, அது வேண்டும். திட்டுவது வேறு. பயந்த பிள்ளை குரலை உள்ளே இழுத்துக்கொள்ளும், வாய் திறந்து பாடாத பிள்ளையின் பிழை எந்தக் காதுக்கும் எட்டாது.

இணைய வகுப்புக்கும் இதே அளவுகோல்தான். ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முடியாது. பிள்ளை தனியாகப் பாடியே ஆக வேண்டும். ஆகவே கேட்டுத் திருத்தும் ஆசிரியருக்கு நஷ்டம் குறைவு, கூடப் பாடியே ஒப்பேற்றுபவருக்கு அதிகம். தம்புராவை இரைச்சல் என்று நினைத்துச் செயலி வடிகட்டிவிடுவதும் உண்டு. அந்த அமைப்பை நிறுத்தச் சொல்லி, பிள்ளை பக்கத்திலும் தம்புராவை ஒலிக்கவிடச் சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

விஜயதசமியன்று சேர்ப்பது நல்ல வழக்கம், அப்படியே செய்யுங்கள். ஆனால் அதற்கு முந்தைய மாதமே இரண்டு மூன்று இடங்களில், குறைந்த கட்டணத்தில் படிக்கக்கூடிய அரசு இசைப் பள்ளி உங்கள் மாவட்டத்தில் இருந்தால் அங்கும், வகுப்பைக் கேட்டுவிடுங்கள். பெற்றோர் ஒரு நாள்கூட உட்காரக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.