தெருவிளக்குக்கு ஹைட்ரஜன்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் முன்னோடி ஆலை ஒன்று திறக்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். எடைக் கணக்கில் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதைக் கொண்டு துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளும் ஒரு மின்வாகனச் சார்ஜிங் நிலையமும் இயங்கும் என்று அறிவித்தார்கள். மின்சாரத்தைச் செலவழித்து ஹைட்ரஜன் செய்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து மறுபடியும் மின்சாரம் எடுத்து விளக்கெரிப்பதைத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன ஆலைதானே, செயல்விளக்கம்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு செயல்விளக்கம் எதை விளக்குகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். ஹைட்ரஜனை எங்கே பயன்படுத்தக் கூடாதோ அங்கே பயன்படுத்துவதையே இது விளக்குகிறது.

ஹைட்ரஜனே வேண்டாம் என்பதல்ல என் வாதம். உர ஆலைக்கும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைக்கும் அது மூலப்பொருள், மாற்று கிடையாது. நிலக்கரி இல்லாமல் இரும்புத் தாதுவை உருக்காக்கவும் அது உதவும். விலை இறங்குவதும் உண்மை: இந்த ஹைட்ரஜனிலிருந்து செய்யும் பசுமை அம்மோனியாவை உர ஆலைகளுக்கு வாங்க 2025இல் நடந்த ஏலத்தில் ஒரு கிலோ 55.75 ரூபாய்க்கு வந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தைக் காட்டி எதிர்ப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனாக மாறுவது ஒன்பது லிட்டர் தண்ணீர்தான். கடல்நீரைக் குடிநீராக்கும் செலவு இந்தக் கணக்கில் தூசு. சிக்கல் தண்ணீரில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது.

ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் வேண்டும். அதை எரிபொருள் மின்கலத்தில் கொடுத்தால் திரும்பக் கிடைப்பது 16, 17 யூனிட். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே வெப்பமாகப் போய்விடுகிறது. தொழில்நுட்பம் வளர வளர இந்த இழப்பு கொஞ்சம் குறையலாம், ஒழியாது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்று இலக்கு வைத்தது. அதற்கு ஆண்டுதோறும் 25,000 கோடி யூனிட் மின்சாரம் வேண்டும். இந்த மின்சாரம் சும்மா கிடக்கும் நாட்டில் இந்தத் திட்டத்தைப் பாராட்டியிருக்கலாம். இந்தியாவில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. புதிதாக நட்ட ஒரு காற்றாலை தரும் 50 யூனிட்டை நேரே மின்தொடரில் விட்டால், அந்த அளவுக்கு அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிவது குறையும். 45 கிலோவுக்கு மேல் கரியமில வாயு மிச்சம். அதே 50 யூனிட்டில் ஒரு கிலோ ஹைட்ரஜன் செய்து, இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக உர ஆலையில் கொடுத்தால் மிச்சமாவது 9, 10 கிலோ. மாற்றே இல்லாத இடத்திலேயே லாபம் ஐந்தில் ஒரு பங்குதான். கம்பி இழுத்தால் எரியும் தெருவிளக்குக்கு அதைக் கொடுப்பதில் என்ன லாபம்? மூன்று விளக்கு எரியக்கூடிய மின்சாரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. மற்ற இரண்டுக்கும் எங்கோ நிலக்கரி எரிகிறது. எங்கோ என்ன, துறைமுகத்தை ஒட்டியே 1,050 மெகாவாட் தூத்துக்குடி அனல் மின் நிலையம் நிற்கிறது.

ஆடி மாதக் காற்றில் தமிழ்நாட்டுக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை வாங்க ஆளில்லாமல் நிறுத்திவைக்கிறார்களே, அந்த உபரியை ஹைட்ரஜனாக்கினால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர் விலையுயர்ந்த இயந்திரம். ஆண்டில் சில நூறு மணி நேரம் மட்டும் ஓடினால் போட்ட முதல் திரும்பாது. ஆகவே அதை வாங்கியவர் ஆண்டு முழுக்க, இரவு பகலாக ஓட்டத்தான் பார்ப்பார். அதற்கு வழியும் செய்து கொடுத்தாயிற்று. 2022 பிப்ரவரிக் கொள்கைப்படி, பகலில் விளையும் சூரிய மின்சாரத்தை மின்தொடரில் ‘வங்கி’ போட்டுவிட்டு 30 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் எடுக்கும்போது வருவது நிலக்கரி மின்சாரம்; ஏட்டில் மட்டும் அது சூரியன். வங்கியில் போட்ட மின்சாரத்தையும் பசுமை என்றே ஏற்கிறது 2023 ஆகஸ்டில் வந்த அரசு வரையறை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு இரண்டு கிலோ கரியமில வாயுவுக்கு மேல் கூடாது என்ற அந்த வரையறையின் கண்டிப்பெல்லாம் இந்த ஒரு சலுகையில் கரைந்துவிடுகிறது. உண்மையான உபரிக்கு மருந்து வேறு: கூடுதல் மின்தடங்கள், பேட்டரி, குந்தாவில் கட்டப்படுவது போன்ற நீரேற்று மின் நிலையங்கள். நீரேற்று நிலையம் போட்டதில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும்; பேட்டரி அதற்கும் மேலே. மூன்றில் ஒரு பங்கைத் தரும் சேமிப்புக்கு ஏன் இத்தனை மேளதாளம்?

ரயில் கதையும் இதேதான். சென்னை ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் பெட்டி சோதிக்கப்பட்டது. அதற்கென ஒதுக்கப்பட்டது அரியானாவின் ஜிந்த் – சோனிபட் தடம். இப்படி 35 ரயில்கள், ஒவ்வொன்றுக்கும் 80 கோடி ரூபாய் என்று ரயில்வே மதிப்பிட்டிருந்தது. அகல ரயில் பாதைகளை ஏறக்குறைய முழுவதுமாக மின்மயமாக்கி முடித்த நாடு, அதே வேகத்தில் இப்படி ஒரு ரயிலையும் தேடுகிறது. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 2022இல் 14 ஹைட்ரஜன் ரயில்களை ஓடவிட்டு உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே, இனி வாங்கப்போவது பேட்டரி ரயில்தான், அதை ஓட்டத்தான் செலவு குறைவு என்று அறிவித்தது. பணக்கார மாநிலம் காசு கொடுத்துக் கற்ற பாடம். நமக்கு இலவசமாகவே கிடைத்தது.

மானியம் தரும் அரசு ஒன்று செய்யலாம். கம்பியிலோ பேட்டரியிலோ நடக்கும் வேலைக்கு ஹைட்ரஜன் கேட்டு வரும் எந்த விண்ணப்பத்தையும் திருப்பி அனுப்பலாம். தெருவிளக்கு, கார், நகரப் பேருந்து, ரயில் எல்லாம் அதில் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது உரம், சுத்திகரிப்பு, உருக்கு, ஒருவேளை கப்பல். பட்டியல் சின்னது, விழா எடுக்கவும் தோதில்லாதது. ஆனால் தூத்துக்குடியிலேயே அதற்கு வேலை இருக்கிறது. தெருவிளக்கு எரியும் அதே ஊரில் ஸ்பிக் உர ஆலை, நாஃப்தாவை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறி, இன்றும் அந்த எரிவாயுவிலிருந்துதான் ஹைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா செய்கிறது.