ஆடியும் மாயத்தோற்றமும்: நிறுவற்கலையில் பார்வையாளரின் இடம்

ஓவியத்தைக் காண்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். ஆடிகள் பதித்த நிறுவற்கலைப் படைப்பினுள் நுழைபவரோ தாமே அதன் காட்சிப்பொருளாகிறார். இம்மாற்றத்தால் அவர் பெறுவது தம்மைப் பற்றிய அறிவா, தற்காதலா என்னும் வினாவை இக்கட்டுரை இரு படைப்புகளின்வழி ஆராய்கிறது.

யப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 1965இல் நியூயார்க்கில் தம் முதல் முடிவிலி ஆடியறையை அமைத்தார். செம்புள்ளிகளிட்ட வெண்துணியைத் தைத்துப் பஞ்சடைத்த உருவங்கள் அதன் தரையெங்கும் பரப்பப்பட்டிருந்தன. கைகளால் தைத்து முடியாத பெருக்கத்தைச் சுவராடிகள் நிறைவேற்றின. நடுவில் நிற்பவர் எண்ணற்ற பிம்பங்களாகச் சிதறித் தம் தனித்தன்மையை இழக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம் எனலாம். குசாமா வலியுறுத்திய 'தன்னழிப்பு' என்னும் கருத்தோடு இது இயைகிறது.

ஓலாஃபர் எலியாசன் 2003 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் சுழலிக் கூடத்தில் 'வானிலைத் திட்டம்' என்னும் படைப்பை நிறுவினார். அங்கு ஒளிர்ந்தது அரைவட்டம் மட்டுமே. கூரையில் பதித்த ஆடிப்படலம் மறுபாதியைத் தந்து அதனை முழு ஞாயிறாக்கியது. மக்கள் தரையில் படுத்து, உயரே சிற்றுருவாய்த் தெரிந்த தம்மைக் கையசைத்துத் தேடினர். பலர் கூடி எழுத்துகளின் வடிவில் படுத்தனர். திரையின் பின்புறம் சென்றோர்க்கு விளக்குகளின் அமைப்பு மறைக்கப்படவில்லை. வஞ்சனை மறைவை வேண்டுவது. இம்மாயத்தோற்றமோ அதன் இயக்கம் அறியப்பட்ட பின்னும் நிலைத்தது. இவ்விடத்தில் ஆடி தனியொருவரைக் காட்டாமல் கூட்டத்தினுள் ஒருவராகக் காட்டியது என்பது கருதத்தக்கது.

இத்தகைய படைப்புகள் வெறும் கேளிக்கை என்பார் உளர். இக்கூற்றை முற்றிலும் புறந்தள்ள இயலாது. 2017இல் வாசிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் குசாமாவின் அறை ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே அளிக்கப்பட்டது. அந்நேரத்தில் பலர் கைபேசியால் தம்மைப் படமெடுத்தனர். கரைய வேண்டிய 'தான்' படத்தின் நடுவே மீண்டும் நிலைபெற்றது. எனினும் பழியைக் கைபேசியின்மீது மட்டும் சுமத்துதல் பொருந்தாது. 1965ஆம் ஆண்டு அறையில் குசாமாவே செந்நிற உடையணிந்து படமெடுக்கப்பட்டார். தன்னழிப்பும் தற்காட்சியும் அவ்வறையில் தொடக்கம் முதலே உடனுறைந்தன.

ஆகவே ஆடி தன்னளவில் அறிவையோ தற்காதலையோ தருவதன்று. பிம்பத்தில் பிறரையும் காணும் வாய்ப்பும், கண்டதை எண்ணிப் பார்க்கும் கால அளவுமே அதனைத் தீர்மானிக்கின்றன. நிறுவற்கலைத் திறனாய்வு ஆடியின் வியப்பைப் போற்றுவதோடு அமையாமல், அதன்முன் பார்வையாளர் நிறுத்தப்படும் முறையையும் ஆராய்தல் வேண்டும்.