விதி சொல்ல மறந்த இடம்

அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி’ ஒவ்வொரு ஜனவரியிலும் பள்ளி மாணவர்களுக்குப் புதிய விளையாட்டு ஒன்றை அறிவிக்கிறது. விதிப்புத்தகம் கைக்கு வந்ததும் தேர்ந்த குழுக்கள் அதை இரண்டு விதமாகப் படிக்கின்றன. என்ன செய்யச் சொல்கிறது என்பதற்காக ஒருமுறை. எதைத் தடுக்க மறந்திருக்கிறது என்பதற்காக இன்னொரு முறை. இந்த இரண்டாம் வாசிப்பைக் குறுக்குப்புத்தி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எல்லா ஓட்டையும் ஒரே தரமல்ல.

2002ஆம் ஆண்டு ஆட்டத்தில் கூட்டணிக்கு இரண்டு ரோபோக்கள். களத்தில் நகர்த்தக்கூடிய மூன்று கோல்கள். கோல்களைத் தங்கள் பக்கம் இழுப்பதுதான் போராட்டம். எல்லாரும் நல்ல சக்கரத்தையும் வலுவான மோட்டாரையும் தேடிக்கொண்டிருந்தபோது, இந்தியானா மாநிலம் ஹாமண்டின் 71ஆம் எண் குழு வேறு வழியில் யோசித்தது. அதன் ரோபோ கோல்களைப் பற்றிக்கொண்டதும் பாதங்களை ஊன்றி, அங்குலம் அங்குலமாக நடக்கத் தொடங்கும். அந்தப் பாதங்களில் இருந்தவை பட்டறையில் அரத்தைச் சுத்தம் செய்யும் கம்பித் தூரிகைகள். நுண்ணிய கம்பிகள் தரைவிரிப்பின் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ள, ரப்பர் சக்கரங்களால் அதை அசைக்கவே முடியவில்லை. அந்த ஆண்டுப் பட்டம் அந்தக் குழுவின் கூட்டணிக்கே போனது. தரைவிரிப்பைக் கெடுக்கக்கூடிய உலோகப் பிடிப்புகளை இன்றைய விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன.

இது ஏமாற்று அல்ல. உராய்வு எங்கிருந்து வருகிறது என்று அடிப்படையிலிருந்து யோசித்ததன் விளைவு. ஆனாலும் கோல்கள் பறிபோனபின் எதிரணிக்குச் செய்ய அதிகம் மிஞ்சவில்லை. ஆறு வாரம் இரவு பகலாக உழைத்துவிட்டு வந்து வெறுமனே தள்ளிப் பார்த்துத் திரும்பிய பிள்ளைகளையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

2010இல் மிச்சிகனின் 469ஆம் எண் குழு செய்தது இதைவிட அழகு. கோலுக்குள் போன பந்து மேலிருக்கும் தடம் வழியாகக் களத்தின் நடுவுக்குத் திரும்பி வரும். அது விழும் இடத்துக்குக் கீழேயே ரோபோவை நிறுத்தி, விழுகிற பந்தை நேரே தன் கோலுக்குத் திருப்பிவிட்டார்கள். அதே பந்து சுற்றிச் சுற்றிப் புள்ளியாகியது. ஆனால் இறுதிச் சுற்றில் எதிர்க்கூட்டணி அவர்களை வென்றது. புதிய விதி எதுவும் வந்து தடுக்கவில்லை. களத்திலேயே பதில் கிடைத்தது. இப்படிப்பட்ட ஓட்டைகள் ஆட்டத்தை வளர்க்கின்றன.

அதே ஆண்டு இன்னொரு ஓட்டையும் திறந்தது. தகுதிச் சுற்றில் தோற்ற அணிக்கும், வென்ற அணி எடுத்த புள்ளிகளே தரவரிசைக்குக் கிடைக்கும் என்று விதி இருந்தது. எதிராளியை அவமானப்படுத்தாமல் ஆடவேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அதன் பின்னணி. கணக்குப் போட்டவர்களோ வேறொன்றைக் கண்டார்கள். தோற்கப்போவது உறுதியானால், எதிரியின் கோலில் நாமும் பந்து போடுவதே லாபம். இரு கூட்டணிகளின் ஆறு ரோபோக்களும் ஒரே பக்கம் ஆடலாம் என்ற யோசனை பரவியது. பருவத்தின் நடுவிலேயே அமைப்பாளர்கள் வெற்றிக்குக் கூடுதல் புள்ளி அறிவிக்கவேண்டி வந்தது. இங்கே எந்தப் பொறியியல் சிக்கலும் தீர்க்கப்படவில்லை. ஓட்டையைக் கண்ட மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கணக்கு சரியானதே. ஆனால் ரோபோவை நன்றாகச் செய்ததற்கான பலனை அது பறித்தது. தவறு புள்ளிமுறையை வகுத்தவர்களுடையது.

எனக்கு உண்மையான கவலை இன்னொன்றில் இருக்கிறது. விதியில் ஐயம் இருந்தால் அமைப்பாளர்களிடம் கேள்வி கேட்கலாம். கேள்வியும் பதிலும் எல்லாருக்கும் தெரியும்படி வெளியாகும். கேட்டால் ரகசியம் போய்விடும். கேட்காமல் போட்டிக்குப் போனால் பரிசோதகர் ரோபோவைக் களத்தில் இறக்க மறுக்கலாம். அனுபவமுள்ள வழிகாட்டிகள் இருக்கும் குழு, பழைய தீர்ப்புகளை நினைவில் வைத்து இந்த ஆபத்தை எடைபோடும். முதல்முறை வந்த குழுவுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு விதியின் முதல் வாசிப்பே பெரும்பாடு. ஆக, இந்தத் திறமை பெரும்பாலும் ஏற்கெனவே பலமான குழுக்களிடமே சேர்கிறது.

வழிகாட்டியாக இருப்பவர் தன் குழுவிடம் இரண்டு கேள்விகளை முதல் வாரமே கேட்கலாம். இந்த யோசனைக்கு எதிராளியால் களத்திலேயே பதில் கண்டுபிடிக்க முடியுமா? தகுதிச் சுற்றில் தற்செயலாக நம் கூட்டணியில் சேரும் புதிய குழுவிடம் இதை வெளிப்படையாக விளக்கி, சம்மதம் வாங்க முடியுமா? 469இன் திட்டத்துக்கு இரண்டுக்கும் ‘முடியும்’ என்றே பதில் வரும். எதிரியின் கோலில் பந்து போடும் திட்டத்தில், எதிராளி பதில் தேடவேண்டிய தேவையே எழுவதில்லை.