தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர்: ராதிகாவின் பெரிய திரையும் சின்னத்திரையும்

2000-ஆம் ஆண்டில் நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். இரவானால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னல்களிலிருந்தும் ஒரே பாட்டு கேட்கும். அது ‘சித்தி’ தொடரின் தலைப்புப் பாடல். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து தரையில் உட்காருவார். அப்பா கேட்பார்: “இந்த அழுமூஞ்சியப் பாத்து முடிச்சாத்தான் சோறா?” நானும் சேர்ந்து சிரிப்பேன். சங்க இலக்கியம் படிக்கிற பெண்ணுக்குத் தொலைக்காட்சி நாடகம் எவ்வளவு மட்டம் என்று காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் அம்மா திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “நீ புத்தகம் படிக்கிறப்ப நான் என்னைக்காவது உன்னை எழுப்பியிருக்கேனா?”

அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி நெடுந்தொடர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள விரும்புவதாகச் சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது என் அப்பாவின் சிரிப்பு. ஒரு காலத்தில் என்னுடைய சிரிப்பும்கூட. பெண்கள் கூட்டமாக விரும்பும் எதையும் மட்டமென்று தீர்ப்பளிப்பதற்கு அதைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று நம் கல்விப்புலம் நம்புகிறது. அதனால்தான் ராதிகாவைப் பற்றி எழுதத் தோன்றியது. அவரைப் புகழ்வது என் நோக்கமல்ல. ஒரு நடிகையின் நாற்பதாண்டுப் பயணத்தில் பெண்ணுக்கு எந்தெந்த இடங்கள் கொடுக்கப்பட்டன, எவற்றை அவர் எடுத்துக்கொண்டார், எவற்றை எடுத்தும் மாற்றாமல் விட்டார் என்று பார்ப்பதே நோக்கம்.

1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ வழியாக அறிமுகமானபோது ராதிகா பதின்வயதுப் பெண். எம்.ஆர்.ராதாவின் மகள் என்பதே அன்று அவருடைய முகவரி. படத்தில் அவர் பெயர் பாஞ்சாலி. ஊரை வெள்ளம் சூழ்கிறது. மழை நிற்க வேண்டுமென்றால் கன்னிப்பெண் ஒருத்தி நிர்வாணமாக ஊரைச் சுற்றிவர வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். அந்தப் பெண் பாஞ்சாலிதான். மகாபாரதத்துப் பாஞ்சாலிக்குச் சபையில் நேர்ந்தது இவளுக்கு ஊரின் நன்மை என்ற பெயரில் நேர்கிறது. மூடநம்பிக்கையைக் கண்டிக்கும் படம்தான் அது. ஆனால் ஊருக்குத் துன்பம் வந்தால் அதைத் தீர்க்கும் பொருள் பெண்ணுடல் என்ற தர்க்கத்தின் மேல்தான் அதன் உச்சக்கட்டப் பதற்றம் கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்த்திரை ராதிகாவிடம் முதன்முதலில் கேட்டதும் இதைத்தான்.

எண்பதுகளில் அவருக்குச் சில வலுவான பாத்திரங்கள் கிடைத்தன. 1981-இல் வந்த தெலுங்குப் படமான ‘நியாயம் காவாலி’, காதலித்துக் கைவிட்டவனை நீதிமன்றத்துக்கு இழுக்கும் பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் ராதிகா. நாம் 1984-இல் ‘விதி’யாகப் பார்த்தது இந்தக் கதையைத்தான், தமிழில் அந்த வேடம் பூர்ணிமாவுடையது. அவமானத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் கூண்டில் ஏறிப் பேசும் பெண் அப்போது புதியவள்.

1986-இல் கே.விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’ வந்தது. தமிழில் ‘சிப்பிக்குள் முத்து’. சிறு மகனோடு நிற்கும் இளம் விதவை லலிதாவாக ராதிகா. கோயிலில் ராமர் கல்யாணம் நடக்கும்போது, உலகம் அறியாத சிவய்யா அவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். விதவை மறுமணத்தை ஆதரித்த படம் என்று இதைப் பாராட்டுகிறோம். பாராட்டுக்கு நடுவே ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறோம்: லலிதாவின் சம்மதம் எங்கே? திரைக்கதை அவளிடம் கேட்கவில்லை. ராதிகாவின் முகம்தான் அந்தக் கேள்வியைத் தாங்குகிறது. தாலி கழுத்தில் விழுந்த பிறகு அந்த முகத்தில் தெரியும் திகைப்பும் பயமும், பின்னர் மெல்ல மெல்ல வரும் ஏற்பும், வசனமில்லாத இடங்களில் நடிகை எழுதிச் சேர்த்த வரிகள்.

இன்னொரு செய்தி பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதன் பொருளை நாம் பேசுவதில்லை. 1985-இல் வந்த ‘முதல் மரியாதை’யில் பரிசல் ஓட்டும் குயிலாக நடித்தவர் ராதா. குயிலுக்குக் குரல் கொடுத்தவர் ராதிகா. நாம் கொண்டாடும் குயில் என்ற பெண், ஒருவர் உடலும் இன்னொருவர் குரலும் சேர்ந்து உருவானவள். நாயகியின் குரலை அவளிடமிருந்து பிரித்துவைப்பது தமிழ்த்திரையின் பழைய வழக்கம். உடல் ஒரு நடிகையிடமிருந்தும் குரல் இன்னொரு பெண்ணிடமிருந்தும் வரும்; சொற்களோ பெரும்பாலும் ஆண் எழுதியவை. அந்தக் கரகரத்த, தணிந்த குரல்தான் பிறகு பதினைந்து ஆண்டுகள் கழித்து நம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

அதற்கு முன் வயது வந்துவிட்டது. 1982-இல் ‘போக்கிரி ராஜா’, ‘மூன்று முகம்’ ஆகிய படங்களில் ரஜினிகாந்துக்கு ஜோடியாக நடித்தவர் ராதிகா. 1984-இல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் குழந்தையாக நடித்தவர் மீனா. 1995-இல் ‘முத்து’வில் ரஜினியின் நாயகி அந்த மீனா. அதே 1995-இல் பாரதிராஜாவின் ‘பசும்பொன்’ வந்தது. அதில் பிரபுவுக்கு அம்மா ராதிகா. பிரபு அவரைவிட வயதில் மூத்தவர்! முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த பெண், தன்னைவிட மூத்த ஆணைப் பெற்றவளாக நடிக்கிறார். நாயகன் நின்ற இடத்திலேயே நிற்கிறான். குழந்தை வளர்ந்து நாயகியாகிறது. நாயகி தாயாகி ஓரமாக நகர்கிறாள்.

‘பசும்பொன்’ கதையோ மறுமணம் செய்துகொண்ட தாயை மகன் மன்னிக்க மறுப்பதைப் பற்றியது. இரண்டாண்டுக்கு முந்தைய ‘கிழக்குச் சீமையிலே’யில் விருமாயி, அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவில் கிடந்து அரைபடுகிறாள். இரண்டும் ராதிகாவின் சிறந்த நடிப்புகள் என்றே சொல்வேன். ஆனால் இரண்டிலும் அந்தப் பெண் யாருக்கோ தங்கை, யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய். கதை ஆண்களின் மானத்தைப் பற்றியது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் தொலைக்காட்சியைப் பார்க்க வேண்டும். பெண்களை மையமாக வைத்த சின்னத்திரைக் கதைகள் அதற்கு முன்பும் இருந்தன; சுஹாசினியின் ‘பெண்’ 1991-இலேயே வந்தது, அதில் ராதிகாவும் நடித்திருந்தார். ஆனால் 1994-இல் ராதிகா தொடங்கிய ராடான் நிறுவனம் செய்தது வேறு வகை வேலை. அன்றைய சன் தொலைக்காட்சி முறையில் தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நேரத்துக்குள் வரும் விளம்பர இடத்தை விற்றுத்தான் முதலைத் திரும்ப எடுக்க வேண்டும். நட்டம் வந்தால் அது தயாரிப்பாளருடையது. கால்ஷீட் கொடுத்துச் சம்பளம் வாங்கும் நிலையிலிருந்து நேரத்தை வாங்கி விற்கும் நிலைக்கு ஒரு நடிகை வந்தார். பிறகு அந்த நிறுவனம் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது.

1999 டிசம்பரில் ‘சித்தி’ தொடங்கியது. பின்னர் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’. பெரும்பாலும் பெண்ணின் பெயரோ, பெண்ணைக் குறிக்கும் சொல்லோ தலைப்பாக நிற்கிறது. ‘அண்ணாமலை’ என்ற ஆண்பெயரைக்கூட அவர் தன் பாத்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். திரைப்படம் அம்மாவாக்கி ஒதுக்கிய அதே வயதில் அவர் வாரத்தில் ஐந்து நாளும் கதையின் நடுவில் நின்றார். பெறாத குழந்தையை நேசிக்கும் பெண்ணைத் தமிழ்க் கதைகள் கொடுமைக்காரச் சித்தியாகவே காட்டிவந்தன. ‘சித்தி’ என்ற சொல்லுக்கு ஒரு மரியாதையை மீட்டுத் தந்ததும் இந்தத் தொடர்தான்.

ஆனால் இங்கே நிறுத்திவிட்டால் இது விமர்சனமாகாது. ‘அரசி’யில் அவர் காவல்துறை அதிகாரி, ‘வாணி ராணி’யில் இரட்டையரில் ஒருத்தி வழக்கறிஞர், மற்றவள் இல்லத்தரசி. பதவி மாறுகிறது, குடும்பம் மாறுவதில்லை. காக்கி உடுத்தினாலும் கறுப்பு அங்கி போட்டாலும் அவள் திறமை கடைசியில் செலவாவது குடும்பத்தைச் சிதறாமல் காப்பதற்குத்தான். அவளுக்கு எதிராகச் சதி செய்பவர்களில் பெண்களே முன்னால் நிற்கிறார்கள். சொத்தையும் சாதியையும் அமைத்த ஆண் அதிகாரம் பின்னணியில் சாய்வு நாற்காலிபோல் அசையாமல் கிடக்கிறது. சதி நடக்கும் இடைவேளைகளில் சோப்பும் மசாலாவும் நகையும் விற்பனையாகின்றன. விளம்பரதாரருக்கு வேண்டியது வீட்டைவிட்டு வெளியேறாத பெண். அவள் வெளியேறினால் தொடரும் முடிந்துவிடும், சந்தையும் முடிந்துவிடும். உரிமையாளர் பெண் என்பதால் மட்டும் கதையின் உரிமை பெண்களுக்கு வந்துவிடாது.

2024 ஆகஸ்டில் ஹேமா குழு அறிக்கை வெளியானதைத் தொடர்ந்து ராதிகா ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார். மலையாளப் படப்பிடிப்புத் தளமொன்றில், கேரவனுக்குள் ரகசியக் கேமராவில் எடுத்த நடிகைகளின் காட்சிகளை ஆண்கள் செல்பேசியில் பார்த்ததைத் தான் கண்டதாகக் கூறினார். உடனே எழுந்த கேள்வி, ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்பது. பார்த்த ஆண்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சொந்த நிறுவனமும் நாற்பதாண்டுப் புகழும் உள்ளவருக்கே பேச இவ்வளவு காலம் ஆகிறதென்றால், நாள்கூலிக்கு வரும் துணை நடிகை எப்படிப் பேசுவாள்? அவருடைய மௌனத்தைக் குற்றமாக்குவதைவிட இதைக் கேட்பது பயனுள்ளது. கூடவே இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான இரவுகள் தமிழ்ப் பெண்கள் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேலையிடத்தில் ஒரு பெண்ணுக்கு நேர்வதைப் பற்றிய நீண்ட கதையொன்றுக்கு அதைவிடப் பெரிய மேடை எது?

அம்மாவிடம் அண்மையில் கேட்டேன், ‘சித்தி’யில் என்ன பிடித்தது என்று. கதை பாதி மறந்துவிட்டது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டீங்க. கூப்பிட்டாலும் நான் வர மாட்டேன்” என்றார். என் மாணவி இப்போது அந்தத் தொடர்களைத்தான் ஆய்வு செய்கிறாள். அவளுடைய நேர்காணல் பட்டியலில் முதல் பெயர் என் அம்மாவுடையது.